உருள்பட்டை ஏன் வரவில்லை? ஸ்க்ரோல் ஏரியாவுக்குள் நடப்பது என்ன

கேள்வியின் சாரம் இது: பைசைட் 6-இல் (சாளர நிரல்கள் எழுத உதவும் க்யூட் நூலகத்தின் பைத்தான் வடிவம்) எழுதப்பட்ட ஒரு மதிப்பெண் பதிவு நிரல். வகுப்பில் 40 மாணவர்கள்; ஒவ்வொருவருக்கும் பெயர், இரண்டு மதிப்பெண் பெட்டிகள், ஒரு குறிப்புப் பெட்டி என ஒரு வரிசை. எல்லாவற்றையும் ஸ்க்ரோல் ஏரியாவுக்குள், அதாவது உருட்டிப் பார்க்கும் பகுதிக்குள் வைத்தும் உருள்பட்டை வரவில்லை. வரிசைகள் நசுங்கி ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. நிரலை வேறு விதமாக மாற்றினால் எல்லாமே மறைந்து வெற்றிடம்தான் தெரிகிறது. கூடவே இரண்டு துணைக் கேள்விகள்: ‘புதிய மாணவர்’ பொத்தானை அழுத்தியதும் கடைசி வரிசை தானாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும், தலைப்பு வரிசை மட்டும் உருளாமல் மேலேயே நிற்க வேண்டும்.

விடையைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் முதல் நிரலில் செங்குத்து லேஅவுட்டை (உள்ளிருப்பவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் அமைப்பை) ஸ்க்ரோல் ஏரியாவின் மீதே ‘செட்லேஅவுட்’ மூலம் மாட்டியிருக்கிறீர்கள்; நசுங்குவதற்கு அதுதான் காரணம். இரண்டாவது நிரலில் வெற்று விட்ஜெட் (பெட்டி, பொத்தான் போன்ற திரை உறுப்பு) ஒன்றை ‘செட்விட்ஜெட்’ மூலம் உள்ளே வைத்துவிட்டு, பிறகு அதற்கு லேஅவுட் கொடுத்திருக்கிறீர்கள். வெற்றிடத்துக்கு அது காரணம். செய்ய வேண்டிய வரிசை இதுதான். சாதாரண விட்ஜெட் ஒன்றை உருவாக்குங்கள். அதற்கு லேஅவுட் கொடுங்கள். 40 வரிசைகளையும் அந்த லேஅவுட்டில் சேருங்கள். ஸ்க்ரோல் ஏரியாவில் ‘செட்விட்ஜெட்ரீசைசபிள்’ என்பதை ட்ரூ ஆக்குங்கள். கடைசியாக அந்த விட்ஜெட்டை ‘செட்விட்ஜெட்’ வழியாக ஸ்க்ரோல் ஏரியாவிடம் ஒப்படையுங்கள். உருள்பட்டை வந்துவிடும்.

ஆனால் இதை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் அடுத்த நிரலில் வேறு உருவத்தில் இதே சிக்கல் வந்து நிற்கும். அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

ஸ்க்ரோல் ஏரியா ஒரே பொருளாகத் தோன்றினாலும் அங்கே இருப்பவை மூன்று. வெளியே, சட்டமும் உருள்பட்டைகளும் கொண்ட ஸ்க்ரோல் ஏரியா. அதற்குள் வியூபோர்ட் எனப்படும் செவ்வகம். திரையில் நமக்குத் தெரிவது அந்த அளவுதான். அந்த வியூபோர்ட்டின் பிள்ளையாக, நீங்கள் ஒப்படைத்த உள்ளடக்க விட்ஜெட். உருட்டுதல் என்று நாம் சொல்வது, உள்ளடக்க விட்ஜெட்டை வியூபோர்ட்டுக்குள் மேலும் கீழும் இடம் மாற்றுவதைத்தான். உருள்பட்டையின் மதிப்பு 200 என்றால் உள்ளடக்க விட்ஜெட்டின் செங்குத்து இடம் -200. ஐயம் இருந்தால், கொஞ்சம் உருட்டிவிட்டு உள்ளடக்க விட்ஜெட்டின் ‘பாஸ்’ (இருக்கும் இடம்) மதிப்பை அச்சிட்டுப் பாருங்கள்; எதிர்மறை எண் வரும். வியூபோர்ட்டின் விளிம்பைத் தாண்டிய பகுதி வெட்டப்படுகிறது, அவ்வளவுதான்.

இதிலிருந்து கணக்கு தானாக வருகிறது. ஒரு வரிசையின் உயரம் 34 பிக்சல், வரிசைகளுக்கு இடையே 6 பிக்சல், மேலும் கீழும் ஓரம் 9 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். 40 வரிசைக்கு 1,360, இடைவெளிகள் 39-க்கு 234, ஓரம் 18. மொத்தம் 1,612 பிக்சல். வியூபோர்ட்டின் உயரம் 400 என்றால், உருள்பட்டையின் உச்ச மதிப்பு 1,612-இலிருந்து 400-ஐக் கழித்து 1,212. ஒரு பக்கம் நகர்வதற்கான ‘பேஜ்ஸ்டெப்’ 400. உள்ளடக்கத்தின் உயரம் 400 அல்லது அதற்குக் கீழ் என்றால் உச்ச மதிப்பு பூஜ்யம்; உருட்ட எதுவும் இல்லை, பட்டையும் வராது. ஆகவே, பட்டை வரவில்லை என்றால் ஸ்க்ரோல் ஏரியாவைச் சந்தேகிப்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: உள்ளடக்கத்தின் உயரத்தை யார் தீர்மானிக்கிறார்கள்? உள்ளே இருக்கும் வரிசைகள் தங்கள் தேவையைச் சொல்லி அது தீர்மானமாக வேண்டும். வியூபோர்ட் தன் உயரத்தை அதன்மீது திணித்தால் உருட்டுவதற்கு மிச்சம் எதுவும் இருக்காது. இந்த வகை விட்ஜெட்டில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகின்றன.

உங்கள் முதல் நிரலுக்கு இப்போது வருவோம். லேஅவுட்டை ஸ்க்ரோல் ஏரியாவின் மீதே மாட்டியதால் 40 வரிசைகளும் ஸ்க்ரோல் ஏரியாவின் நேரடிப் பிள்ளைகள் ஆகிவிட்டன. அவை வியூபோர்ட்டுக்குள்ளேயே இல்லை, அதன்மேல் உட்கார்ந்திருக்கின்றன. லேஅவுட்டின் வேலை, தனக்குக் கிடைத்த இடத்துக்குள் எல்லாரையும் அடைப்பது. கிடைத்த இடம் 400 பிக்சல், தேவை 1,612. நசுங்காமல் என்ன செய்யும்? ‘செட்விட்ஜெட்’ அழைக்கப்படாததால் ஸ்க்ரோல் ஏரியாவைப் பொறுத்தவரை அதற்கு உள்ளடக்கமே இல்லை. பிழைச் செய்தியும் வராது, ஏனென்றால் எந்த விட்ஜெட்டின் மீதும் லேஅவுட் மாட்டுவதை க்யூட் அனுமதிக்கிறது.

இரண்டாவது நிரலின் கதை வேறு. ‘செட்விட்ஜெட்ரீசைசபிள்’ இயல்பாக ஃபால்ஸ். அந்த நிலையில் ‘செட்விட்ஜெட்’ அழைக்கப்படும்போது, அதுவரை அளவு தரப்படாத விட்ஜெட் என்றால், அதன் ‘சைஸ்ஹிண்ட்’ (அது விரும்பும் அளவு) என்ன என்று ஒரே ஒருமுறை கேட்டு அந்த அளவுக்கு மாற்றிவிட்டு ஸ்க்ரோல் ஏரியா விலகிக்கொள்ளும். லேஅவுட் இல்லாத வெற்று விட்ஜெட்டிடம் சொல்வதற்கு அளவே இல்லை, பூஜ்யம்தான். பிறகு நீங்கள் லேஅவுட் கொடுத்து 40 வரிசைகளைச் சேர்த்தாலும் அந்த விட்ஜெட்டை வளர்க்க யாரும் வரமாட்டார்கள். தனிச் சாளரமாக நிற்கும் விட்ஜெட் என்றால் அதன் குறைந்தபட்ச அளவை லேஅவுட் தானே உயர்த்தும். இன்னொன்றுக்குள் இருக்கும் விட்ஜெட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. இதனால்தான், லேஅவுட்டைக் கொடுத்த பிறகே ‘செட்விட்ஜெட்’டை அழைக்க வேண்டும் என்று க்யூட் ஆவணம் எச்சரிக்கிறது.

ரீசைசபிள் ட்ரூ ஆகும்போது ஸ்க்ரோல் ஏரியா விலகிக்கொள்ளாது. தொடர்ந்து கவனித்துக்கொண்டே இருக்கும். உள்ளடக்கத்தை வியூபோர்ட்டின் அளவுக்கு நீட்டவோ சுருக்கவோ பார்க்கும், ஆனால் உள்ளடக்கத்தின் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாது. வரிசை கூடினால் குறைந்தபட்சமும் கூடும், உருள்பட்டையும் அதற்கேற்ப மாறும். படிவம், அமைப்புகள் பக்கம், உரையாடல் பட்டியல் போன்ற எல்லாவற்றுக்கும் இதுதான் சரி. ஃபால்ஸ் ஆகவே வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இருந்தால், உள்ளே இருக்கும் லேஅவுட்டின் ‘சைஸ்கன்ஸ்ட்ரெயின்ட்’ என்பதை ‘செட்மின்அண்ட்மேக்ஸ்சைஸ்’ ஆக்கினால் உள்ளடக்கம் தானே வளரும். அந்த வழியை நான் அதிகம் பரிந்துரைப்பதில்லை. படிவத்தின் அகலம் சாளரத்தோடு சேர்ந்து விரிவதில்லை.

மேலே ‘குறைந்தபட்ச அளவு’ என்று சொன்ன இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஸ்க்ரோல் ஏரியா மதிப்பது குறைந்தபட்சத்தை. விட்ஜெட் விரும்பும் அளவை அன்று. எழுத்துப் பெட்டி, எண் பெட்டி, பொத்தான் போன்றவை செங்குத்தாகச் சுருங்க மறுப்பவை என்பதால் அங்கே இந்த வேறுபாடு தெரியாது. மேட்பிளாட்லிப் என்ற பைத்தான் வரைபட நூலகத்தின் வரைபடங்கள் ஆறேழை ஒன்றன்கீழ் ஒன்றாக ஸ்க்ரோல் ஏரியாவில் வைத்துப் பாருங்கள். ரீசைசபிள் ட்ரூ, லேஅவுட்டும் சரியான இடத்தில்தான் இருக்கிறது; ஆனாலும் பட்டை வராது, வரைபடங்கள் எல்லாம் பட்டைப் பட்டையாக நசுங்கி நிற்கும். மேட்பிளாட்லிப்பின் வரைபட விட்ஜெட் தன் குறைந்தபட்ச அளவாகச் சொல்வது 10-க்கு 10 பிக்சல். அதைக் கேட்ட ஸ்க்ரோல் ஏரியா, ஆறேழு வரைபடங்களும் 400 பிக்சலுக்குள் தாராளமாக அடங்கும் என்று முடிவெடுக்கிறது. ஒவ்வொரு வரைபடத்துக்கும் ‘செட்மினிமம்ஹைட்’ 300 என்று கொடுத்தால் உடனே சரியாகும். ‘பெயின்ட்ஈவென்ட்’ எழுதி நீங்களே வரையும் விட்ஜெட்டுக்கும் இதே விதிதான். குறைந்தபட்சம் சொல்லாத விட்ஜெட்டுக்கு உயரமே தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளப்படும்.

ரீசைசபிள் ஃபால்ஸ் ஆக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: படம் பார்க்கும் நிரல். க்யூட்டோடு வரும் இமேஜ் வியூவர் எடுத்துக்காட்டு ஸ்க்ரோல் ஏரியாவுக்குள் ஒரு லேபிளை வைத்து, படத்தைப் பெரிதாக்கும்போது லேபிளின் அளவைத் தானே மாற்றுகிறது. அளவை நிரல் தீர்மானிப்பதால் ஸ்க்ரோல் ஏரியா குறுக்கிடக் கூடாது. அந்த எடுத்துக்காட்டில் நான் மிகவும் விரும்பும் ஒரு வரி இருக்கிறது. பெரிதாக்கிய பின் உருள்பட்டையின் புதிய மதிப்பு, பழைய மதிப்பைப் பெருக்குகாரணியால் பெருக்கி, அதோடு காரணியில் ஒன்றைக் கழித்து ‘பேஜ்ஸ்டெப்’பின் பாதியால் பெருக்கியதைக் கூட்டினால் கிடைப்பது. பட்டை 400-இல் இருக்கிறது, பேஜ்ஸ்டெப் 600, காரணி 1.25 என்றால் 500-ம் 75-ம் சேர்ந்து 575. சரிபார்ப்போம்: முன்பு திரையின் நடுவில் இருந்த புள்ளி 400-ம் 300-ம் சேர்ந்து 700; பெரிதானபின் அதே புள்ளி 875-க்குப் போகிறது; அதிலிருந்து பாதித் திரை 300 போனால் 575. பார்த்துக்கொண்டிருந்த இடம் நடுவிலேயே நிற்கிறது. இந்த வரியை விட்டுவிட்டால், பெரிதாக்க ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் படம் நழுவி ஓடும். பயனர் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

உங்கள் படிவத்துக்குத் திரும்புவோம். 40 மாணவர்கள் இருக்கும்போது நன்றாக இருக்கும் படிவம், நான்கே மாணவர்கள் இருக்கும்போது விகாரமாகத் தெரியும். நான்கு வரிசைகளும் இருக்கும் உயரம் முழுவதையும் பங்கிட்டுக்கொண்டு தள்ளித் தள்ளி நிற்கும். லேஅவுட்டின் கடைசியில் ‘ஆட்ஸ்ட்ரெட்ச்’ ஒன்று சேர்த்துவிடுங்கள். மிச்ச இடத்தை அது விழுங்கிக்கொள்ளும். அதன்பின் புதிய வரிசையைச் சேர்க்கும்போது ‘ஆட்விட்ஜெட்’ வேண்டாம். அது ஸ்ட்ரெட்ச்சுக்குக் கீழே போய் உட்காரும். ‘இன்சர்ட்விட்ஜெட்’ மூலம், லேஅவுட்டின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்த இடத்தில் சேருங்கள்.

அகலத்தையும் கவனியுங்கள். செங்குத்துப் பட்டை வந்ததும் வியூபோர்ட்டின் அகலம் அந்தப் பட்டையின் அளவுக்குக் குறைகிறது. உள்ளடக்கத்தின் குறைந்தபட்ச அகலம் அதைவிடப் பெரிதாக இருந்தால் அடியில் கிடைமட்டப் பட்டையும் முளைக்கும். பலர் எரிச்சலில் கிடைமட்டப் பட்டையை ‘ஸ்க்ரோல்பார்ஆல்வேஸ்ஆஃப்’ ஆக்கிவிடுகிறார்கள். பட்டை போய்விடும், ஆனால் வலது ஓரத்தில் குறிப்புப் பெட்டியின் பாதி வெட்டுப்பட்டுக் கிடக்கும், அதைப் பார்க்க வழியும் இருக்காது. ஸ்க்ரோல் ஏரியாவின் குறைந்தபட்ச அகலத்தை, உள்ளடக்கத்தின் ‘மினிமம்சைஸ்ஹிண்ட்’ அகலத்தோடு செங்குத்துப் பட்டையின் அகலத்தையும் சட்டத்தின் அகலத்தையும் கூட்டி வைத்துவிட்டால் இரண்டு தொல்லையும் இல்லை. நீளமான லேபிள்களுக்கு ‘செட்வேர்ட்ரேப்’ கொடுங்கள். அகலம் குறைந்தால் உயரம் கூட வேண்டும் என்ற கணக்கை ஸ்க்ரோல் ஏரியா புரிந்துகொள்கிறது.

இடைமுகம் தமிழில் இருந்தால் இது இன்னும் முக்கியம். ‘ரோல் நம்பர்’ இருந்த இடத்தில் ‘வருகைப் பதிவு எண்’ வரும்போது லேபிளின் அகலம் கணிசமாகக் கூடிவிடுகிறது. வரிசையின் உயரத்தை 22 பிக்சல் என்று கையால் பூட்டி வைத்திருந்தால் ‘து’, ‘ஞு’, ‘ழு’ போன்ற எழுத்துகளின் அடிப்பகுதி வெட்டுப்பட்டு, எந்த எழுத்து என்றே தெரியாத நிலை வரும். மாணவரின் பெயரே தவறாக வாசிக்கப்படும். உயரத்தைப் பூட்டாதீர்கள், எழுத்துருவே தன் தேவையைச் சொல்லட்டும், உருள்பட்டை இருப்பதே அதற்காகத்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் நிரலில் இதுதான் மிக ஆபத்தானது. மதிப்பெண்ணுக்கு எண் பெட்டி, அதாவது ஸ்பின்பாக்ஸ் வைத்திருக்கிறீர்கள். ஆசிரியர் மவுஸ் சக்கரத்தைச் சுழற்றிப் படிவத்தை உருட்டுகிறார். உள்ளடக்கம் நகர நகர, ஏதாவது ஒரு எண் பெட்டி அம்புக்குறிக்கு நேர்கீழே வந்து சேரும். சாதாரண சக்கர மவுஸில் அடுத்த சுழற்சி அந்தப் பெட்டிக்குப் போகும். படிவம் உருளுவது நின்றுவிடும். 78 ஆக இருந்த மதிப்பெண் 75 ஆகிவிடும். ஆசிரியரின் கண் உருளும் வரிசைகளின் மேல் இருக்கும். எண் மாறியது தெரியாது. எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஒரு மாணவரின் மதிப்பெண் மாறிச் சேமிக்கப்பட்டுவிடும். தேர்ந்தெடுக்கும் காம்போபாக்ஸிலும் இதே வில்லங்கம் உண்டு.

இதற்கு ஸ்பின்பாக்ஸிலிருந்து உங்கள் சொந்த வகுப்பு (நிரல் மொழியின் ‘கிளாஸ்’) ஒன்றை உருவாக்கி ‘வீல்ஈவென்ட்’டை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரே வரி: நிகழ்வின் ‘இக்னோர்’. புறக்கணிக்கப்பட்ட சக்கர நிகழ்வு பெற்றோர் விட்ஜெட்டுக்கு ஏறிப்போய்க் கடைசியில் ஸ்க்ரோல் ஏரியாவை அடையும். படிவம் தடையின்றி உருளும். ‘ஃபோகஸ்பாலிசி’யையும் (தட்டச்சைப் பெறும் நிலையான ஃபோகஸ் ஒரு பெட்டிக்கு எப்படி வரலாம் என்ற விதி) ‘ஸ்ட்ராங்ஃபோகஸ்’ ஆக்குங்கள். இயல்பாக இருக்கும் ‘வீல்ஃபோகஸ்’ சக்கரம் பட்டதுமே பெட்டியைத் தேர்ந்தெடுத்துவிடும். பெட்டியில் ஃபோகஸ் இருக்கும்போது மட்டும் சக்கரத்தை அனுமதிக்கும் வழியைச் சிலர் சொல்வார்கள். மதிப்பெண் பதிவுக்கு அதுவும் போதாது. மதிப்பெண்ணைத் தட்டச்சு செய்துவிட்டு அப்படியே சக்கரத்தைச் சுழற்றுவதுதான் மனிதர்களின் வழக்கம். ஃபோகஸ் அந்தப் பெட்டியில்தானே இருக்கிறது. முழுவதுமாக அணைத்துவிடுங்கள்.

இனி முதல் துணைக் கேள்வி: புதிய வரிசை சேர்ந்ததும் அடிக்குப் போவது. நீங்கள் வரிசையைச் சேர்த்த அடுத்த வரியிலேயே பட்டையை அதன் ‘மேக்ஸிமம்’ மதிப்புக்கு வைத்திருக்கிறீர்கள்; கடைசிக்கு முந்தைய வரிசை வரைதான் போகிறது என்கிறீர்கள். வியப்பில்லை. லேஅவுட் உடனே கணக்குப் போடுவதில்லை. ‘அளவு மாறியிருக்கிறது, பிறகு கவனி’ என்று நிகழ்வு வரிசையில் ஒரு குறிப்பை வைத்துவிட்டுப் போகிறது. உங்கள் செயற்கூறு முடிந்து கட்டுப்பாடு நிகழ்வுச் சுழலுக்குத் திரும்பிய பிறகே உள்ளடக்கம் வளரும். நீங்கள் படித்த 1,212 என்பது பழைய உச்சம். புதிய உச்சம் 1,252. ஒழுங்கான வழி, செங்குத்துப் பட்டையின் ‘ரேஞ்ச்சேஞ்ட்’ சிக்னலை (ஏதாவது மாறும்போது விட்ஜெட் தரும் அறிவிப்பை)ப் பிடிப்பது; எல்லை மாறும்போது அது புதிய உச்சத்தையே கையில் தரும். ஆனால் சாளரத்தின் அளவை மாற்றும்போதும் அதே சிக்னல் வரும். அதனால் ‘புதிய மாணவர்’ பொத்தானை அழுத்தும்போது ஒரு கொடியை ட்ரூ ஆக்கி, சிக்னலில் அந்தக் கொடி இருந்தால் மட்டும் அடிக்குப் போய்விட்டுக் கொடியை இறக்கிவிடுங்கள். ‘க்யூடைமர் சிங்கிள்ஷாட்’ பூஜ்யம் வைத்தும் செய்யலாம், பெரும்பாலும் வேலை செய்யும். அந்தப் ‘பெரும்பாலும்’ எனக்குப் பிடிக்காது.

உரையாடல் செயலி, பதிவேடு காட்டும் சாளரம் போன்றவற்றில் இன்னொரு நாகரிகம் தேவை. பயனர் மேலே போய்ப் பழையதைப் படித்துக்கொண்டிருக்கும்போது அவரை அடிக்கு இழுத்து வரக் கூடாது. புதிய வரி சேர்ப்பதற்கு முன், பட்டை உச்சத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மட்டும் தொடர்ந்து போங்கள்.

சேமிக்கும்போது ஒரு மதிப்பெண் தவறு என்றால் அந்தப் பெட்டிக்குப் பயனரை அழைத்துப் போக ‘என்ஷ்யூர்விட்ஜெட்விசிபிள்’ இருக்கிறது. சுற்றிலும் 50 பிக்சல் இடைவெளி விட்டுக் காட்டுவது அதன் இயல்பு. டேப் விசையால் நகரும்போது ஸ்க்ரோல் ஏரியா தானாகவே கூட வரும். நிரலிலிருந்து ‘செட்ஃபோகஸ்’ கொடுத்தால் வராது, நீங்கள்தான் அழைக்க வேண்டும். வரிசையை நீக்கும்போது லேஅவுட்டிலிருந்து ‘ரிமூவ்விட்ஜெட்’ மட்டும் செய்தால் போதாது. லேஅவுட் அதை மறந்துவிடும், விட்ஜெட் இருந்த இடத்திலேயே கிடக்கும். கூடவே ‘டெலீட்லேட்டர்’ வேண்டும். அதேபோல், ஸ்க்ரோல் ஏரியாவுக்கு ஸ்டைல்ஷீட் (தோற்ற விதிகள்) எழுதும்போது வெறும் ‘பேக்கிரவுண்ட்’ என்று எழுதாதீர்கள். அது பிள்ளைகளுக்கெல்லாம் இறங்கி உருள்பட்டையின் தோற்றத்தையும் கெடுக்கும். எந்த விட்ஜெட்டுக்கு என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

இணையத்தில் தேடும்போது ‘ஸ்க்ரோல்வியூ’, ‘ஆட்சைல்ட்’ என்று எழுதிய பழைய எடுத்துக்காட்டுகள் கிடைத்தால் ஒதுக்கிவிடுங்கள். அவை க்யூட் 3 காலத்தவை. 2005-இல் வந்த க்யூட் 4-இல்தான் இப்போதைய ஸ்க்ரோல் ஏரியா அமைந்தது.

40 மாணவர்களுக்கு இந்த முறை தாராளமாகப் போதும். பள்ளி முழுவதற்கும் 2,000 வரிசை என்றால் வேண்டாம். வரிசைக்கு நான்கு விட்ஜெட் என்றால் 8,000 விட்ஜெட். திரையில் தெரிவது பத்துப் பன்னிரண்டு வரிசையாக இருந்தாலும் எல்லாவற்றையும் உருவாக்கி, ஒவ்வொன்றிடமும் அளவு கேட்டுக் கணக்கிட வேண்டும். சாளரம் திறக்கவே தாமதமாகும். அங்கே ‘டேபிள்வியூ’ என்ற அட்டவணை விட்ஜெட்டும் தரவை வைத்திருக்கும் ஒரு மாடலும்தான் சரி, அது கண்ணுக்குத் தெரியும் வரிசைகளை மட்டும் வரைகிறது. உண்மையில் மதிப்பெண் பதிவு என்பது அட்டவணை வேலை. 40 பேருக்கே டேபிள்வியூ பொருத்தம் என்பது என் கருத்து. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: டேபிள்வியூவைத் தூக்கி ஸ்க்ரோல் ஏரியாவுக்குள் வைப்பது. இரண்டும் ஒரே தாய் வகுப்பிலிருந்து வந்தவை; டேபிள்வியூவுக்குள்ளேயே உருட்டும் வசதி இருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்று வைத்தால் இரண்டு பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, எதை உருட்டுவது என்று பயனர் திணறுவார்.

வேறு கருவிகளுக்குப் போனாலும் அதே கேள்விதான் வேறு முகத்தோடு வரும். பைத்தானோடு வரும் இடைமுக நூலகமான டிகின்டரில் உருளும் ஃப்ரேம் (விட்ஜெட்களை அடக்கும் சட்டம்) என்று ஒன்று கிடையாது. கேன்வாஸுக்குள் ஒரு ஃப்ரேமை ‘கிரியேட்_விண்டோ’ மூலம் பதித்து, ஃப்ரேமின் அளவு மாறும்போதெல்லாம் ‘கான்ஃபிகர்’ நிகழ்வில் கேன்வாஸின் ‘ஸ்க்ரோல்ரீஜன்’ மதிப்பை நீங்களே புதுப்பிக்க வேண்டும். அதாவது க்யூட் உங்களுக்காகப் போடும் கணக்கை அங்கே நீங்கள் போடுகிறீர்கள். சக்கர நிகழ்வும் ஒரே மாதிரி இல்லை: விண்டோஸில் 120-இன் மடங்காக வரும், லினக்ஸின் எக்ஸ்11 சாளர அமைப்பில் டிகே (டிகின்டரின் அடித்தளம்) 8.6 வரை நான்காம், ஐந்தாம் பொத்தான்களாக வரும். ஜிடிகே என்ற இன்னொரு இடைமுக நூலகத்தில் ஸ்க்ரோல்டு விண்டோவை வைத்தால் சில பிக்சல் உயரத்துக்குச் சுருங்கி நிற்கும். உள்ளடக்கத்தின் உயரத்தை அது வெளியே சொல்லாது என்பதால் ‘வெர்ட்டிகல் எக்ஸ்பேண்ட்’ அல்லது குறைந்தபட்ச உள்ளடக்க உயரம் கொடுக்க வேண்டும். செயலிகள் எழுதும் ஃப்ளட்டரில் ‘காலம்’ (Column, செங்குத்தாக அடுக்கும் விட்ஜெட்) ஒன்றுக்குள் உருளும் பட்டியலான லிஸ்ட்வியூவை அப்படியே போட்டால், உயரத்துக்கு வரம்பே இல்லை என்று பிழை காட்டும். ‘காலம்’ விட்ஜெட் ‘உனக்கு வேண்டிய உயரத்தை எடுத்துக்கொள்’ என்கிறது; லிஸ்ட்வியூ ‘கொடுக்கும் உயரத்தை எடுத்துக்கொள்கிறேன்’ என்கிறது; தீர்மானிக்க ஆள் இல்லை. ‘எக்ஸ்பேண்டட்’ சுற்றிவிட்டால் ஆள் வந்துவிடுகிறார்.

கடைசியாக, உருளாத தலைப்பு வரிசை. அதை ஸ்க்ரோல் ஏரியாவுக்குள் வைக்கவே கூடாது. வெளியே ஒரு செங்குத்து லேஅவுட்; அதில் முதலில் தலைப்பு விட்ஜெட், அடுத்து ஸ்க்ரோல் ஏரியா. தலைப்பும் பெட்டிகளும் நேராக நிற்க, இரண்டிலும் நெடுவரிசைகளின் அகலத்தை ஒன்றாக வையுங்கள். இரண்டு லேஅவுட்களின் ஓரங்களும் ஒன்றாகவே இருக்கட்டும். அப்படியும், பட்டை தோன்றும்போதும் மறையும்போதும் கீழே மட்டும் அகலம் மாறித் தலைப்பு விலகி நிற்கும். செங்குத்துப் பட்டையை ‘ஸ்க்ரோல்பார்ஆல்வேஸ்ஆன்’ ஆக்கி, தலைப்பின் வலது ஓரத்தில் பட்டையின் ‘சைஸ்ஹிண்ட்’ அகலத்தைக் கூடுதல் ஓரமாகச் சேருங்கள். அந்த அகலத்தை 17 என்றோ 20 என்றோ எண்ணாக எழுதிவிடாதீர்கள். இயங்குதளத்துக்கு இயங்குதளம் அது மாறும். கிடைமட்டமாகவும் உருட்ட வேண்டிய படிவம் என்றால் தலைப்பும் பக்கவாட்டில் கூடவே நகர வேண்டும். அப்போது தலைப்பையும் உருள்பட்டைகள் அணைக்கப்பட்ட இன்னொரு ஸ்க்ரோல் ஏரியாவுக்குள் வைத்து, உயரத்தைத் தலைப்பின் அளவுக்கே கட்டிவிட்டு, கீழுள்ள கிடைமட்டப் பட்டையின் ‘வேல்யூசேஞ்ட்’ சிக்னலை மேலுள்ள கிடைமட்டப் பட்டையின் ‘செட்வேல்யூ’வோடு இணைத்தால் போதும், அணைத்த பட்டை கண்ணுக்குத் தெரியாதே தவிர, நிரல் சொன்னால் உருட்டும். டேபிள்வியூவுக்கு மாறினால் இந்தக் கடைசிப் பத்தியின் வேலை எதுவும் உங்களுக்கு இல்லை. வியூபோர்ட்டின் மேல் ஓரத்தில் இடம் ஒதுக்கி அதில் தலைப்பை நிறுத்துவதை அதுவே செய்துகொள்கிறது.